அடுத்தவன் திண்ணையும் நாம் தோண்டும் கிணறும்

மணவாளக்குறிச்சி என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு மணல்தான் ஞாபகம் வரும். 1909-ல் ஷோம்பெர்க் என்கிற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன தென்னை நாரில் ஒட்டிக் கிடந்த மணலைச் சோதித்தார். அதில் மோனசைட் இருந்தது. அந்த மணலைத் தேடி வந்தவர் எங்க ஊர்க் கடற்கரைக்கு வந்து நின்றார். அடுத்த ஆண்டே இங்கே மணல் பிரிக்கும் ஆலை வந்தது. அன்றைக்கு ஐரோப்பாவின் வாயு விளக்குகளுக்குக் கட்டுகிற மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியம் மோனசைட்டில் இருந்தது. முதல் உலகப் போர் வந்ததும் அவரை ஒற்றன் என்று சொல்லிப் பிடித்தார்கள். இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. ஜெர்மன்காரர் பெயர் இருக்கிறது, வருஷம் இருக்கிறது, தாதுவின் பெயர் இருக்கிறது.

மண்ணை வாரிக் கடவத்தில் சுமந்தவர்களின் பெயர் இல்லை.

எனக்க பாட்டி மண் சுமந்தவள். "எந்தத் தொரை, எந்தக் கம்பெனி, நமக்கு என்ன தெரியும் மக்கா? விடியதுக்கு முன்ன போவோம். கருத்த மண்ணு, பெட்டிய தூக்குனா கழுத்து உள்ள போவும். நாங்க எட்டுப் பேரு சேந்து போவோம், எட்டுப் பேரு பேரும் எனக்கு இன்னும் தெரியும்" என்று சொல்லி, ஒவ்வொரு பெயராகச் சொல்லுவாள். நான் அதை எழுதி வைக்கவில்லை. அவள் போன பிறகு எனக்கு ஞாபகத்தில் நிற்பது மூன்று பெயர்தான். ஐந்து பெயர் பாட்டியோடே மண்ணுக்குள்ளே போய்விட்டது.

பிறகு காலம் மாறியது. எல்லார் கையிலும் செல்போன் வந்தது. எங்க தெருப் பையன் ஒருத்தன் பாட்டியின் பழைய போட்டோவையும் நான் சொன்ன இந்தக் கதையையும் ஒரு சமூக ஊடகத்தில் போட்டான். முதல் நாள் முந்நூறு பேர் விரும்பினார்கள். இரண்டாம் நாள் எவனோ சாதிப் பெயர் சொல்லித் திட்டினான். நம்ம பிள்ளைகள் அவனுக்குப் பதில் சொன்னார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, முழுக்கச் சண்டை. நான்காம் நாள் அதுவும் கீழே போய்விட்டது. இன்றைக்குத் தேடினால் கிடைக்காது. பாட்டியின் மூன்று பெயர் மூன்றாகவே நிற்கிறது. அந்த முந்நூறு பேரில் ஒருத்தராவது, "எங்க ஆத்தாளும் அந்தக் கூட்டத்துல போனவதான், இன்னொரு பேரு எனக்குத் தெரியும்" என்று எழுதியிருந்தால் நான்காவது பெயர் கிடைத்திருக்கும். அப்படி எழுதுவதற்கு அந்த இடத்தில் தோது இல்லை. விரும்பலாம், திட்டலாம், அடுத்ததைப் பார்க்கலாம். சேர்ந்து ஒன்றை முடிக்கிற வேலை அங்கே கிடையாது.

இந்தக் கட்டுரை அந்தத் தோதைப் பற்றியது.

1

திண்ணை என்பது நம்ம சனங்களுக்கு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஏறி உட்காரக் கூடாத இடம். சமூக ஊடகம் வந்தபோது, ‘இதோ எல்லாரும் உட்காரலாம்’ என்று ஒரு திண்ணை திறந்தது போலிருந்தது. பத்திரிகைகள் போடாத வன்கொடுமைச் செய்திகளை நாமே போட்டோம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் திண்ணைக்குச் சொந்தக்காரன் வீட்டுக்குள்ளே இருக்கிறான் என்பதை மறந்துவிட்டோம்.

2018 நவம்பரில் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்ஸி இந்தியா வந்தார். பெண் பத்திரிகையாளர்களோடும் செயல்பாட்டாளர்களோடும் பேசினார். அங்கே வந்திருந்த ஒரு தலித் பெண் கொடுத்த சுவரொட்டியைக் கையில் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்ப்போம் என்பது அதிலிருந்த வாசகம். படம் வெளிவந்ததும் கூச்சல் எழுந்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. யாரிடம்? சுவரொட்டியைப் பார்த்து மனம் புண்பட்டவர்களிடம். சுவரொட்டியில் எழுதியிருந்த வாழ்க்கையை வாழ்கிறவர்களிடம் அல்ல.

மறு வருஷம் 2019 நவம்பரில் பத்திரிகையாளர் திலீப் மண்டலின் கணக்கு முடக்கப்பட்டது. அதே சமயத்தில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கும் போனது. ட்விட்டர் சாதி பார்க்கிறது என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. இந்தியாவிலிருந்து ஏராளம் பேர் மாஸ்டடான் என்கிற இன்னொரு இடத்துக்குப் போனார்கள். அது 2016-ல் ஒரு ஜெர்மன் இளைஞர் எழுதிய மென்பொருள். ஒரே முதலாளிக்குச் சொந்தமில்லாமல், ஆங்காங்கே ஆட்கள் சொந்தமாக நடத்துகிற சிறு சிறு நிலையங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போன கூட்டம் அங்கே நிலைக்கவில்லை. ஏனென்றால் திண்ணைதான் மாறியதே தவிர, உட்கார்ந்து செய்கிற காரியம் மாறவில்லை. அங்கேயும் ஆளுக்கொரு பேச்சுத்தான். செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தால்தான் சனம் ஓரிடத்தில் தங்கும்.

‘எல்லாம் செல்போன் வந்ததால்தான் கெட்டது’ என்று சொல்லுகிறவர்களோடும் நான் சேரவில்லை. எங்க ஊருக்குப் பக்கத்திலே மண்டைக்காடு. 1982 மார்ச்சில் அங்கே கலவரம் வெடித்து, போலீஸ் சுட்டு, நீதிபதி வேணுகோபால் கமிஷன் வரைக்கும் போனது. அன்றைக்கு எவன் கையில் செல்போன் இருந்தது? வதந்தி வாய் வழியாகவே கடற்கரை நெடுக ஓடியது. வதந்திக்கு இரண்டு குணம் உண்டு. சொன்னவன் யாரென்று தெரியாது. தப்பென்று தெரிந்தாலும் திருத்துவதற்கு வழி கிடையாது. நாம் தேடுகிற மாற்றுக்கு இந்த இரண்டுக்கும் நேரெதிரான குணம் வேண்டும். எழுதியவர் பொறுப்பேற்க வேண்டும், அடுத்தவர் திருத்த முடிய வேண்டும்.

2

அப்படியொரு காரியத்தை நம்ம முன்னோர் ஏற்கெனவே செய்திருக்கிறார்கள்.

1893-ல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அந்தப் பெயரையே தலைப்பில் வைத்தார். 1900 வரைக்கும் அது வந்தது. 1907 ஜூன் 19 புதன்கிழமை, அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளியிட்டார். நாலு பக்கம், விலை ஒரு பைசா. 1908 ஆகஸ்ட் 26 முதல் பெயர் ‘தமிழன்’ என்று ஆனது. 1914-ல் பண்டிதர் மறையும் வரைக்கும் வாராவாரம் வந்தது.

இதை ஒரு தனிமனிதரின் சாதனையாகச் சொல்லிச் சொல்லி, அதற்குள்ளே இருந்த கூட்டு வேலையை நாம் மறைத்துவிட்டோம். கோலார் தங்கவயலிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வாசகர்கள் கேள்வி எழுதினார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பல கட்டுரைகள் பிறந்தன. சுரங்கத்துக்குள்ளே இறங்கி ஏறுகிற கூலிக்காரன் ஒரு சடங்குக்கு அர்த்தம் கேட்பான், பண்டிதர் ஓலைச்சுவடியைப் புரட்டிப் பதில் எழுதுவார், அதைப் படித்துவிட்டு இன்னொருத்தர் மறுத்து எழுதுவார். ‘இந்திரர் தேச சரித்திரம்’ அந்த நாலு பக்கத்தில்தான் தொடராக வந்தது. பண்டிதர் போன பிறகு, 1926-ல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் ‘தமிழ’னை மறுபடி நடத்தினார். ஆள் போனாலும் பத்திரிகையைக் கையில் எடுக்க இன்னொரு ஆள் இருந்தார். கூட்டாகச் செய்த வேலைக்கு அதுதான் அடையாளம்.

அதே 1907-ல்தான் அய்யன்காளி சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். அன்றைக்கு மணவாளக்குறிச்சி திருவிதாங்கூர் ராச்சியத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் நாங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தோம். அந்தச் சங்கமும் தனக்கென்று ஒரு பத்திரிகை வைத்திருந்தது. பம்பாய்ப் பக்கம் 1920 ஜனவரி 31-ல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு கொடுக்கிறோம் என்று சொல்லியும் திலகரின் ‘கேசரி’ அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது. திண்ணைக்காரன் குணம் அன்றைக்கும் அதுதான். நம்மவர்கள் அவனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை, சொந்தமாக அச்சடித்தார்கள்.

எங்க மாவட்டத்திலேயே சாமித்தோப்பில் முத்திரிக் கிணறு இருக்கிறது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் கோர உரிமை இல்லாத காலத்தில் வைகுண்டசாமி எல்லாச் சாதியாரும் கோரிக் குளிக்க வைத்த பொதுக் கிணறு. உரிமை கேட்டு மகாத் குளத்தில் இறங்கியது ஒரு வழி. நமக்கென்று கிணறு தோண்டி, அதை எல்லாருக்கும் திறந்து விடுவது இன்னொரு வழி. ‘தமிழன்’ இரண்டாவது வகைக் கிணறு.

அந்தக் கிணறு கிட்டத்தட்ட தூர்ந்தே போயிருக்கும். அன்பு பொன்னோவியம் போன்ற பெரியவர்கள் இதழ்களைச் சேர்த்துப் பாதுகாத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-ல் வெளியிட்டது. பண்டிதர் மறைந்து 85 வருஷம் கழித்து! இந்த 85 வருஷமும் தமிழ் இதழியல் வரலாறும் சமூக நீதி வரலாறும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. நம்ம பேர் இல்லாமல்.

3

இப்போது கணினிக்கு வருவோம். இணையம் என்றாலே சமூக ஊடகம் என்று ஒரு பொதுப்புத்தி உண்டாகியிருக்கிறது. அது சரியில்லை. தமிழர்கள் இணையத்தில் கூடிச் செய்த பெரிய காரியங்கள் சமூக ஊடகத்துக்கு முந்தியவை. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்றார். பல நாடுகளிலிருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களை ஆளுக்குக் கொஞ்சமாகத் தட்டச்சு செய்து, சரிபார்த்து, காசு வாங்காமல் எல்லாருக்கும் கொடுத்தார்கள். 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா. இன்றைக்கு அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேலே கட்டுரைகள். 2005-ல் ஈழத்தமிழர்கள் ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தியபோது எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். ஒரே கட்டடத்தில் வைத்தால் ஒரே தீக்குச்சி போதும் என்று கண்ட சனம், ஆயிரம் கைகளில் பிரித்து வைக்கக் கற்றுக்கொண்டது.

இந்த இடங்களில் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஒவ்வொரு திருத்தமும், எந்தக் கணக்கிலிருந்து எந்த நேரத்தில் என்று ‘வரலாறு’ப் பக்கத்தில் பதிவாகிவிடும். பழைய வடிவம் அழியாது. சண்டை வந்தால் கட்டுரைக்குப் பின்னாலிருக்கும் ‘பேச்சு’ப் பக்கத்தில் போட வேண்டும், கட்டுரைக்குள்ளே போட முடியாது. விளம்பரம் கிடையாது. அதன் துணைத் திட்டமான விக்கிமூலத்தில் பழைய புத்தகத்தின் பக்கத்தைப் படமாக ஏற்றி, பக்கத்திலேயே எழுத்தைத் தட்டுகிறார்கள். ஒருத்தர் மெய்ப்புப் பார்த்தால் அந்தப் பக்கம் மஞ்சள் ஆகும். இன்னொருத்தர் மறுபடி பார்த்தால்தான் பச்சை. தனியொருத்தரால் எதையும் பச்சையாக்க முடியாது. நாட்டுடைமையான நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேலே இப்படி அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

இசையிலும் இதைப் பார்க்கலாம். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் கானா பாடுகிறவர்களும் ராப் பாடுகிறவர்களும் பறை அடிக்கிறவர்களும் கிட்டார் வாசிக்கிறவர்களும் சேர்ந்து நின்றார்கள். பெயரிலேயே பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல் இருந்தது. அந்தப் பாட்டுகளை உலகம் கேட்டது அடுத்தவன் திண்ணையில்தான், யூடியூபில். ஆனால் அவை பிறந்தது ஆட்கள் கூடி உட்கார்ந்து செய்த ஒத்திகையில். திண்ணையில் கொண்டுபோய்ப் பாடலாம், தப்பில்லை. பாட்டைக் கட்டுகிற இடம் நம்ம கையில் இருக்க வேண்டும்.

4

‘அப்படியானால் எல்லாரும் விக்கிப்பீடியாவுக்குப் போங்கள்’ என்று சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பொதுக் கிணறு என்று பலகை மாட்டியிருந்தாலும், வாளியும் கயிறும் யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அங்கே மூன்று விதிகள் உண்டு. ‘மெய்யறிதன்மை’: எதை எழுதினாலும் ஏற்கெனவே வெளிவந்த நம்பகமான ஆதாரம் காட்ட வேண்டும். ‘சொந்த ஆய்வு கூடாது’. ‘குறிப்பிடத்தக்கமை’: பிறர் எழுதிப் பதிவான ஆளுக்கும் ஊருக்கும்தான் கட்டுரை. பொய்யைத் தடுக்க இந்த விதிகள் வேண்டும்தான். சாதிப் பெருமைக்காரர்கள் தங்கள் சாதியைச் சத்திரியர் ஆக்குவதற்காக நடத்தும் திருத்தப் போரைத் தாங்க முடியாமல், ஆங்கில விக்கிப்பீடியா 2012-ல் தெற்காசியச் சாதிகள் பற்றிய பக்கங்களுக்கென்றே தனிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆதாரம் கேட்கும் விதி இல்லாவிட்டால் அந்தக் கூட்டம் நம்மையும் மிதித்துக்கொண்டு போய்விடும்.

ஆனால் அதே விதி பாட்டியிடம் வந்து நின்று, ‘வெளிவந்த ஆதாரம் உண்டா?’ என்று கேட்கிறது. ஷோம்பெர்க்குக்கு ஆதாரம் உண்டு. பாட்டிக்கு இல்லை. எழுத்தை யாருக்கு மறுத்தார்களோ அவர்களிடமே எழுத்தைக் கேட்கிறது விதி. இதில் எவனும் வேண்டுமென்று சதி செய்ய வேண்டியதில்லை. இருநூறு வருஷத்துப் புத்தக அலமாரியே அந்தச் சதியைச் செய்துவிடும். மயிலாடியில் 1809-ல் கட்டிய முதல் புராட்டஸ்டண்ட் கோயிலைச் சொன்னால் ரிங்கல்தௌபே என்ற மிஷனரிதான் முதலில் வருகிறார். அவருக்கு முன்னாலேயே கிறிஸ்தவராகி, அவரை அங்கே வரவழைத்த மகாராசன் வேதமாணிக்கம் என்ற சாம்பவர் இரண்டாவதாகத்தான் வருகிறார். அவருக்காவது மிஷன் பதிவுகளில் பெயர் இருக்கிறது. அவரோடு நின்ற குடும்பங்களுக்கு?

இந்தச் சிக்கலைப் பிறரும் கண்டிருக்கிறார்கள். 2011-ல் அச்சல் பிரபலாவும் நண்பர்களும் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வடக்கு சோத்தோ மொழி என்று மூன்று மொழி விக்கிப்பீடியாக்களோடு சேர்ந்து, பேச்சையே ஆதாரமாக வைக்க முடியுமா என்று பரிசோதித்துப் பார்த்தார்கள். ஊர்க்காரர்களிடம் பேசி, ஒலிப்பதிவு செய்து, அதையே மேற்கோளாகக் கட்டுரையில் வைத்தார்கள். விவாதம் பெரிதாக நடந்தது, விதி மாறவில்லை. 2015 ஏப்ரலில் தலித் பெண்கள் சிலர் ‘தலித் வரலாற்று மாதம்’ தொடங்கினார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் 1926-ல் ஒரு வாரமாகத் தொடங்கி மாதமாக வளர்த்த வரலாற்றுக் கொண்டாட்டம் அவர்களுக்கு முன்மாதிரி. கூட்டாக உட்கார்ந்து விக்கிப்பீடியாவில் தலித் வரலாறு எழுதுவது அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று.

உத்தரப் பிரதேசத்துச் சித்திரகூடத்தில் 2002-ல் தொடங்கிய ‘கபர் லகரியா’வையும் இங்கே சேர்க்க வேண்டும். தலித் பெண்கள் பெரும்பான்மையாக இருந்து, தாங்களே செய்தி சேகரித்து, எழுதி, ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்ற பத்திரிகை. பின்னால் செல்போன் காணொளிக்கு மாறினார்கள். அவர்கள் எழுதிய ஒவ்வொரு செய்தியும் இன்றைக்கு ஒரு ஆதாரம். விதியை மாற்றச் சொல்லிக் காத்திருக்காமல், விதி கேட்கிற பொருளை உற்பத்தி செய்தார்கள்.

5

நான் சொல்ல வந்த ஒரே சங்கதி இதுதான். இந்த மாதிரிச் சிற்றிதழ்களில் நாம் அச்சடிக்கும் ஒவ்வொரு சாட்சியமும், பொதுக் கிணற்றில் விடுகிற கயிறு. சிற்றிதழில் அச்சாகி, முந்நூறு பேர் படித்து, பரணில் போய்விட்டால் அது பாதி வேலை. அதையே ஆதாரமாக வைத்து நாலு பேர் உட்கார்ந்து பொதுவெளியில் எழுதும்போதுதான் வேலை முடியும். எதிர்ப்பு வரும். ‘இது நம்பகமான இதழா?’ என்று கேட்பார்கள். கேட்கட்டும். பேச்சுப் பக்கத்தில் வாதாடலாம். அந்த வாதமும் அழியாமல் பதிவாகி நிற்கும்.

மாணவர்களுக்குச் செய்வதற்கு வேலை கிடக்கிறது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த மறு வருஷத்திலிருந்து 60 ஆண்டு கழிந்தால் எழுத்து பொதுச்சொத்து. பண்டிதரின் எழுத்தும் இரட்டைமலையாரின் எழுத்தும் எப்போதோ நம்முடையவை ஆகிவிட்டன. அம்பேத்கர் தம் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துகளும் 2017 ஜனவரி 1 முதல் அப்படியே. பக்கம் பக்கமாக ஏற்றி, ஒருத்தர் மஞ்சளாக்கி, இன்னொருத்தர் பச்சையாக்கலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், பொறுமை வேண்டும்.

ஊர்க்காரர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒரு நோட்டும் ஒரு செல்போனும் எடுத்துக்கொண்டு, உயிரோடு இருக்கிற கிழவிகளிடம் போய் உட்கார வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அவர்கள் சம்மதம். பொதுவில் வைத்ததை யாரும் எடுக்கலாம், எப்படியும் பயன்படுத்தலாம். எந்தப் பெயரைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்பதைச் சொன்னவர்தான் தீர்மானிக்க வேண்டும். நம்ம துயரத்தை நாமே சரக்காக்கிவிடக் கூடாது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கூலிக்குப் போய்விட்டு வந்து ராத்திரி உட்கார்ந்து எழுதுவது லேசான காரியமா? பெண்களுக்கு அந்த ராத்திரியும் கிடையாது. ஆனால் அதே ராத்திரியில் எவனோ ஒருத்தன் திட்டியதற்குப் பதில் எழுதிக்கொண்டு எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்லுகேன்.

பாட்டி சொன்ன எட்டுப் பெயரில் என்னிடம் மூன்று இருக்கிறது. மீதி ஐந்தும் வள்ளியாற்றுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ யாருடைய வீட்டிலாவது, யாருடைய ஞாபகத்திலாவது இருக்கும். பேத்திமார் இருப்பாவ. கேட்டால் சொல்லுவாவ. மூன்று பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதி, கீழே ஐந்து வரி வெறுமனே விட்டு வைத்திருக்கிறேன். எழுதுகிற கை என்னுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை.